பிரான்ஸ் நாட்டுப்புறத்தில் சைக்கிள் பயணம்: பாதையை எப்படி வகுப்பது?

கேள்வி – தக்கலைவாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் தக்கலைக்கு அருகே வசிக்கிறோம். இருவரும் பணி ஓய்வு பெற்றுவிட்டதால், நெடுநாளாகத் தள்ளிப்போட்டு வந்த ஒரு பயணத்தை அடுத்த கோடையில் மேற்கொள்வதென்று தீர்மானித்திருக்கிறோம். பிரான்ஸ் நாட்டின் கிராமப்புறங்களை ஏறத்தாழ மூன்று வாரம் சைக்கிளிலேயே சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. பாரிஸில் ஒரு நாள் தங்கினால் போதும். மீதி நாள்களில் வயல், ஆறு, சிற்றூர், சந்தை இவைதான் கண்ணில் பட வேண்டும்.

நாங்கள் சைக்கிளுக்குப் புதியவர்கள் அல்லர். விடியற்காலையில் மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி வழியாக முட்டம் வரை சென்று வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புவதும், மழை விட்ட மாதங்களில் குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை அணை வரை ஏறுவதும் எங்களுக்கு வழக்கமானவை. ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் என்றால் இருவருக்கும் சிரமம் இல்லை. ஆனால் பின்னால் சுமையைக் கட்டிக்கொண்டு, தொடர்ந்து பல நாள்கள், மொழி தெரியாத நாட்டில் ஓட்டுவது வேறு விஷயம் என்பதை உணர்ந்தே இதை எழுதுகிறேன்.

நான் தற்போது போட்டு வைத்திருக்கும் திட்டம் இது. பாரிஸிலிருந்து ஏறத்தாழ நேர்கோடாகத் தெற்கே இறங்கி, நெவேர், கிளேர்மோன் ஃபெரான், லெ புய் ஆகிய ஊர்களைத் தொட்டு, செவென் மலைப்பகுதி வழியாக மத்தியதரைக் கடலை அடைவது. இணைய வரைபடத்தில் தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் எங்களிடம் உள்ள நாள்களுக்குள் அடங்கிவிடுகிறது. கடலில் தொடங்கிய வாழ்க்கை என்பதால் கடலில் முடியும் பாதை மனத்துக்குப் பிடித்திருக்கிறது என்பதைத் தவிர, இந்தத் திட்டத்துக்கு வேறு பெரிய நியாயம் என்னிடம் இல்லை.

என் ஐயங்கள் சில. இந்தப் பாதை எங்கள் வயதுக்கும் பழக்கத்துக்கும் ஏற்றதா? இல்லையென்றால் பாதையை எதை அடிப்படையாக வைத்து வகுப்பது? சைக்கிளை இங்கிருந்தே கொண்டு போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? விசாவுக்கு ஒவ்வோர் இரவும் எங்கே தங்குகிறோம் என்று காட்ட வேண்டும் என்கிறார்கள். சைக்கிள்காரன் நாளை எந்த ஊரில் இருப்பான் என்பதை இன்றே எப்படிச் சொல்வது? கடைசியாக, லூர்து மாதா கோவிலைப் பார்க்காமல் பிரான்ஸிலிருந்து திரும்ப மாட்டேன் என்று என் மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டாள். அதையும் இந்தப் பாதையில் சேர்க்க வழி இருந்தால் சொல்லுங்கள்.

பதில் – முட்டத்துக்காரன்

அண்ணாச்சி, வணக்கம். நான் முட்டத்தில் பிறந்தவன். பிரான்ஸின் மேற்குக் கரைக்கு அருகே உள்ள நான்த் நகரில் வேலை நிமித்தம் வசிக்கிறேன். உங்கள் திட்டத்தில் தூரம் சரியாக இருக்கிறது; உயரம்தான் கணக்கில் வரவில்லை. கிளேர்மோன் ஃபெரானுக்குத் தெற்கே தொடங்குவது மத்திய மலைத்தொகுதி. அங்கே ஒரு மலையில் ஏறி மறுபுறம் இறங்கினால் கதை முடிந்துவிடாது. ஆயிரம் மீட்டரைத் தாண்டும் ஏற்றம், அடுத்த பள்ளத்தாக்குக்கு இறக்கம், மீண்டும் ஏற்றம் என்று நாள் முழுவதும் அது தொடரும். சுமையோடு அதில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவதற்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரைச் சாலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உடம்புக்கு முடியாமல் போனால் ஏறிக்கொள்ள ரயிலும் அந்தப் பகுதியில் அடிக்கடி கிடைக்காது.

எனவே ஊர்ப்பெயர்களை இணைத்துக் கோடு போடுவதை விட்டுவிட்டு, தண்ணீரைப் பின்தொடருங்கள் என்பது என் ஆலோசனை. ஆற்றங்கரையிலும் கால்வாய்க்கரையிலும் செங்குத்தான ஏற்றம் இராது. ஊர்கள் தண்ணீரை ஒட்டியே அமைந்திருக்கும். பெரும்பாலும் ரயில் பாதையும் அருகிலேயே போகும். பிரான்ஸில் இப்படிப்பட்ட பாதைகள் பல உண்டு. ஜெனீவா ஏரியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை ரோன் ஆற்றை ஒட்டிச் செல்லும் வியாரோனா 800 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து வீசும் மிஸ்திரால் காற்று சைக்கிளையே சாய்த்துவிடக் கூடியது. துலூஸிலிருந்து செத் வரை செல்லும் மிதி கால்வாய் 1681இல் கட்டி முடிக்கப்பட்டது. யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 240 கிலோமீட்டர் நீளம். பெயர் பெற்ற அளவுக்கு அதன் கரைப்பாதை நன்றாக இல்லை. பல இடங்களில் மண்ணும் வேரும்தான். நிழல் தந்த பிளேன் மரங்களும் 2006இல் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டு வருகின்றன. அதன் வடமேற்கே பொர்தோ வரை நீளும் கரோன் கால்வாயின் பாதை அதைவிடப் பன்மடங்கு நன்றாக இருக்கும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது லுவார் ஆறு. பிரான்ஸின் மிக நீளமான ஆறு அதுதான். அட்லாண்டிக் கரையிலுள்ள சேன் பிரெவேனிலிருந்து நெவேருக்கு அருகே உள்ள குஃபி வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்கு அடையாளப் பலகைகளோடு சைக்கிள் பாதை அமைத்திருக்கிறார்கள். அட்லாண்டிக்கிலிருந்து கருங்கடல் வரை செல்லும் யூரோவேலோ 6 என்னும் நெடும்பாதையின் ஒரு பகுதி இது. பாதி வழியில் மோட்டார் வண்டிகளே வராது. மீதியில் வந்தாலும் குறைவு. வெள்ளத்தடுப்புக்காக எழுப்பிய உயர்ந்த கரைகளின் மேலேயே பாதை நெடுந்தூரம் ஓடும். ஒரு பக்கம் மணல்திட்டுகளோடு ஆறும் மறுபக்கம் தாழ்வாக வயலும் கிராமமும் தெரியும்.

இங்கே முதல் முடிவு திசையைப் பற்றியது. ஆறு ஓடும் திசையில், அதாவது நெவேரிலிருந்து கடலை நோக்கி இறங்குவதுதான் எளிது என்று எல்லோருக்கும் தோன்றும். நெவேரில் ஆறு ஓடும் இடம் கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை. அவ்வளவு நீண்ட வழியில் பரவிக் கிடக்கும் அந்தச் சரிவைக் கால் உணரவே உணராது. காற்றை உணரும். கடலிலிருந்து நிலத்தை நோக்கி, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்றே இங்கே மிகுதி. ஆகவே மேற்கே தொடங்கிக் கிழக்கே, ஆற்றை எதிர்த்துச் செல்லுங்கள். வானம் தெளிந்து வெயில் நிலைத்த நாள்களில் வடகிழக்குக் காற்று அடிக்கவும் செய்யும். அதற்கு உத்தரவாதம் கிடையாது.

இரண்டாவது, ரயில். நான்த்திலிருந்து அன்சனி, அஞ்சே, சோமூர், தூர், புளுவா வழியாக ஒர்லேயான் வரை ரயில் பாதை ஆற்றை ஒட்டியே செல்கிறது. வட்டார ரயில்களில் பெரும்பாலும் சைக்கிளைக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்ளலாம். கோடையில் நான்த்துக்கும் ஒர்லேயானுக்கும் இடையே சைக்கிள்களுக்கென்று கூடுதல் இடம் உள்ள ரயில்களும் ஓடுகின்றன, அவற்றுக்கு மட்டும் முன்பதிவு தேவையா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். மழை விடாமல் பெய்தாலோ முழங்கால் வலித்தாலோ அடுத்த ஊரில் ரயில் ஏறிவிடலாம் என்ற நினைப்பே பாதித் தைரியத்தைக் கொடுக்கும். ஒர்லேயானுக்கும் ழியேனுக்கும் இடைப்பட்ட எழுபது எண்பது கிலோமீட்டரில் மட்டும் அந்த வசதி இல்லை. ழியேன் தொடங்கி நெவேர் வரை மறுபடியும் ரயில் உண்டு.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறேன். இதைத்தான் நம்மவர்கள் நம்ப மறுக்கிறார்கள். இங்கே கிராமத்துக் கடைகள் பகல் பன்னிரண்டு மணிக்கு மூடினால் இரண்டு மணிக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு பிற்பகலில் எதுவும் இராது. திங்கட்கிழமை பல கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விடுமுறை. உணவகத்தில் மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குள், இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு மேல். இடையில் பசித்தவனுக்கு யாரும் பொறுப்பல்லர். மார்த்தாண்டத்தில் எந்த நேரத்துக்கும் ஒரு சாயாக்கடை திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் வளர்ந்த நமக்கு இது பெரிய அதிர்ச்சி. காலை ஏழு மணிக்கு ரொட்டிக்கடை திறந்தவுடன் மதியத்துக்கும் சேர்த்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு புறப்படுவது ஒரு பழக்கமாகவே ஆகிவிட வேண்டும்.

லுவார் கரையிலுள்ள கோட்டைகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் சைக்கிள் பயணம் அருங்காட்சியகப் பயணமாகிவிடும். 1519இல் கட்டத் தொடங்கிய ஷம்போர் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். அதைச் சுற்றிய காட்டை 32 கிலோமீட்டர் நீளமுள்ள மதில் வளைத்திருக்கிறது, அதற்குள்ளேயே சைக்கிளில் போகலாம். அம்புவாஸில் லியொனார்டோ டா வின்சி தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து இறந்த வீடு இருக்கிறது. இவை போதும். இன்னொன்று: குழித்துறை ஆற்றைக் கண்டால் இறங்கிக் குளிப்பதுபோல் லுவாரில் இறங்கிவிடாதீர்கள். பார்வைக்கு முழங்காலளவு நீரும் மணலுமாகத் தெரியும். மணல் காலடியில் சரிந்து இழுத்துக்கொள்ளும், ஆண்டுதோறும் உயிர்ப்பலி உண்டு. குளிப்பதற்குப் பொதுவாகத் தடையும் இருக்கிறது.

பதில் – கோட்டாறு மிதிவண்டி

அண்ணாச்சி, முட்டத்துக்காரர் காற்றைப் பற்றிச் சொன்னதால் நான் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். இதற்கு உலகத்திலேயே சிறந்த இடம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வீசும் மாதங்களில், நாகர்கோவிலிலிருந்து தோவாளை வழியாக முப்பந்தல் வரை போங்கள். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். கால் வேலையே செய்ய வேண்டியதில்லை என்று தோன்றும். திரும்பும்போது, காற்றாலைகள் முதுகுக்குப் பின்னால் சுழன்றுகொண்டிருக்க, சமதளத்திலேயே மலையேறும் கியரைப் போட வேண்டி வரும். பயணத்தில் எடுத்துச் செல்லப்போகும் சுமை முழுவதையும் கேரியரில் கட்டிக்கொண்டு இதைச் செய்யுங்கள். பக்கவாட்டில் காற்று மோதும்போது இருபுறமும் தொங்கும் பைகள் பாய்மரமாகிவிடும் என்பதை லாரி போகாத நேரத்தில், விடியற்காலையில் பழகிக்கொள்வது நல்லது.

சைக்கிளைக் கொண்டு போவதா என்ற கேள்விக்கு என் கருத்து: உங்கள் உடம்புக்குப் பழகிய சீட்டும் ஹேண்டிலும்தான் மூன்று வார முதுகுவலியைத் தீர்மானிக்கும், அதனால் கொண்டு போங்கள். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாகப் பாரிஸ் செல்லும் விமானங்களில் அட்டைப்பெட்டியில் கட்டிய சைக்கிளை ஏற்றுவார்கள். எடை, அளவு, கட்டணம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும் என்பதால் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். சைக்கிள் கடைக்காரரிடம் பழைய பெட்டி கேட்டால் கொடுத்துவிடுவார். பெட்டியில் வைக்கும்போது இடது பெடலைக் கழற்றுவதில்தான் பலரும் திணறுவார்கள்: அதன் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. இடது பெடலை வலப்பக்கமாக, அதாவது கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பிப் பலத்தைக் காட்டினால் இன்னும் இறுகும், கடைசியில் பெடலைத் தாங்கும் கிராங்கின் மரையே போய்விடும். பின் கியரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு வளைந்துவிடாமல் அதையும் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்தின் உட்புறம் கட்டுங்கள். அந்தத் துண்டு மட்டும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் தனி அளவு. இங்கேயே ஒன்று கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். டியூப், செயின், பிரேக் கட்டை இவை அங்கே எளிதில் கிடைக்கும். விளையாட்டுப் பொருள் விற்கும் டெக்கத்லான் நிறுவனமே பிரான்ஸைச் சேர்ந்ததுதானே.

டயர் 35 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. கால்வாய்க்கரைகளில் சரளை உண்டு. சமையல் அடுப்புக்கான வாயுக்குப்பியை விமானத்தில் எடுத்துச் செல்லவே முடியாது, போய் இறங்கித்தான் வாங்க வேண்டும்.

சாலையில் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது வலப்பக்கத்து உரிமை. பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சிறு சந்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை. நீங்கள் பெரிய சாலையில் வருகிறீர்கள் என்பதெல்லாம் கணக்கில்லை. மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் மட்டும் முன்னுரிமை உங்களுக்கு. ஊருக்கு வெளியே இரவிலோ மூடுபனியிலோ ஓட்டினால் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். பெல், முன்பின் விளக்குகள் கட்டாயம். தலைக்கவசம் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டுமே சட்டப்படி கட்டாயம் என்றாலும், நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தேவையில்லை.

பதில் – அருமனைப் பெண்

ஐயா, நான் பூர்கோஞ் பகுதியில் வசிக்கிறேன். அருமனை என் சொந்த ஊர். முட்டத்துக்கார அண்ணன் சொன்னவற்றில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது வயலும் சிற்றூரும் உள்ள நாட்டுப்புறம். தூருக்கும் ஒர்லேயானுக்கும் இடைப்பட்ட லுவார், கோடையில் சுற்றுலாப் பேருந்துகளும் வாடகைச் சைக்கிள்களும் நிறைந்த இடம். அழகானதுதான், நாட்டுப்புறம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூட்டம் மெலிவது ஒர்லேயானைத் தாண்டிய பிறகு. பெரும்பாலோர் அங்கேயே பயணத்தை முடித்துக்கொள்கிறார்கள், நீங்கள் அங்கிருந்துதான் நிதானமாக ஓட்ட வேண்டும்.

ழியேனைத் தாண்டிச் சிறிது நேரத்தில் பிரியார் வரும். அங்கே கால்வாய் ஒன்று லுவார் ஆற்றுக்கு மேலே, பாலத்தின் வழியாகக் கடந்து செல்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலத்தின் மேல் நடந்தவர்களுக்கு அந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை; வேறுபாடு என்னவென்றால் இந்தத் தொட்டியில் படகே போகிறது. 1896இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் 662 மீட்டர் நீளம். தூண்களைக் கட்டியது ஐஃபலின் நிறுவனம். இருபுறமும் விளக்குக்கம்பங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். அதன் பிறகு சான்சேர் குன்று. உச்சியில் உள்ள ஊருக்கு ஏறுவது உங்கள் விருப்பம், ஏறாவிட்டாலும் கீழே திராட்சைத் தோட்டங்களைப் பார்க்கலாம். பிறகு லா ஷாரிதே, பிறகு நெவேர்.

இங்கே அம்மாவின் விருப்பத்துக்கு வருகிறேன். லூர்து பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலையடிவாரத்தில் இருக்கிறது. லுவாரிலிருந்து சைக்கிளில் அங்கே போவதை மறந்துவிடுங்கள். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் போனாலும் நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் 1858இல் லூர்து கெபியில் மாதாவைக் கண்ட பெர்னதெத், 1866இல் நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, 1879இல் அங்கேயே இறந்தார். அவருடைய உடல் அந்த மடத்துச் சிற்றாலயத்தில் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. லூர்துக்குப் போகும் நம்மூர் யாத்திரைக் குழுக்களில் பலர் நெவேரை எட்டிப் பார்ப்பதில்லை. உங்கள் பாதை அந்த வாசல் வழியாகவே செல்கிறது. அது போதுமா, லூர்தும் வேண்டுமா என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும். வேண்டுமென்றால் சைக்கிள்களைப் பாரிஸில் விட்டுவிட்டு இறுதியில் ரயிலில் போய்வாருங்கள்.

நெவேரிலிருந்து தெசீஸ் வரை கால்வாய்க்கரையிலேயே வந்து, அங்கே தொடங்கும் நிவெர்னே கால்வாயைப் பிடித்து வடக்கே ஓசேர் வரை ஓட்டுங்கள். 174 கிலோமீட்டர். மொர்வான் காடுகளில் வெட்டிய விறகைப் பாரிஸுக்குக் கொண்டு போவதற்காக வெட்டப்பட்ட கால்வாய் இது. சார்தி என்னும் இடத்தில், நீர்மட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் படகுகளை ஏற்றி இறக்கும் பதினாறு மடைக்கதவுகள் படிக்கட்டாக அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மடைக்காவலரின் சிறு வீடு, ரோஜாச்செடி, சில இடங்களில் கோழிகள். ஒரு படகு ஒரு மடையைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் அடுத்த மூன்றைத் தாண்டிவிடுவீர்கள், ஆனால் நின்று பார்க்காமல் போக முடியாது. கதவை இன்னமும் கையால் சுற்றித் திறக்கும் மடைகள் உண்டு. புல்வெளிகளில் வெள்ளை ஷரொலே மாடுகள். ஓசேரிலிருந்து பாரிஸ் பெர்சி நிலையத்துக்கு வட்டார ரயில் இருக்கிறது, சைக்கிளையும் ஏற்றலாம்.

இந்தக் கடைசிப் பகுதியில் கடைகள் மிகக் குறைவு. கடை இல்லாத கிராமங்களே அதிகம் என்பதால், ஒரு வேளைச் சோற்றுக்கான அரிசியும் பருப்பும் எப்போதும் பையில் இருக்கட்டும். தேங்காய்க்கு ஆசைப்படாதீர்கள். தண்ணீர் தீர்ந்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும், குடிக்கத் தகாதது என்ற எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூரில் கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் பிடித்துக் குடித்தேன் என்றால் மாமியார் வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். இங்கே சைக்கிள்காரர்கள் எல்லோரும் செய்வது அதுதான்.

தங்குவதற்கு ஊராட்சிகளே நடத்தும் கூடார முகாம்கள் மலிவானவை, சுத்தமானவை, வெந்நீர் கிடைக்கும். அறை வேண்டுமென்றால் சைக்கிள்காரர்களை வரவேற்பதற்கான அக்கேய் வேலோ என்னும் அடையாளம் பெற்ற விடுதிகளைத் தேடுங்கள். அவை பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் தருவார்கள். ஜூன் மாதத்தில்கூட இரவில் பத்து டிகிரி அளவுக்குக் குளிர் இறங்குவது உண்டு என்பதை நினைவில் வைத்துத் தூக்கப்பையை வாங்குங்கள்.

மறுமொழி – தக்கலைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என் மனைவி நெவேர் என்ற பெயரைப் படித்ததும் பாதை முடிவாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். லூர்தைப் பற்றிப் பாரிஸ் சென்ற பின் பேசிக்கொள்ளலாமாம். ஆகவே திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். பாரிஸ் விமான நிலையத்திலிருந்தே நான்த்துக்கு நேரடி அதிவேக ரயில் இருப்பதால், பெட்டியைப் பிரிக்காமல் அதிலேயே நான்த் சேர்ந்து, அங்கே சைக்கிளை மறுபடி பொருத்தி, லுவாரை எதிர்த்து நெவேர் வரை ஏறி, தெசீஸ் வழியாக ஓசேரில் முடித்து, ரயிலில் பாரிஸ் திரும்புவது. கூட்டிப் பார்த்ததில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் வருகிறது. ஒரு நாளைக்கு ஐம்பது என்று வைத்தால் ஓய்வுக்கும் மழைக்கும் நாலைந்து நாள் மிஞ்சுகிறது. அதிவேக ரயிலில் பெட்டிக்கு அளவுக் கட்டுப்பாடு இருக்கிறதா, பைக்குள் வைத்தால்தான் ஏற்றுவார்களா என்பதையும், விசா பற்றிய என் பழைய கேள்விக்குப் பதிலையும் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் – வடசேரி

ஐயா, விசா விவரங்களை நான் சொல்கிறேன். உங்களுக்குத் தேவையானது, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசா. எந்த 180 நாள்களிலும் 90 நாள்களுக்கு மிகாமல் தங்கலாம் என்பது அதன் வரம்பு. உங்கள் பயணம் அதற்குள் எளிதாக அடங்கும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்காலத்துக்கு நேரம் ஒதுக்கிக் கிடைப்பது கடினம் என்பதால் அந்த ஆறு மாதம் தொடங்கியவுடனே முயலுங்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். காப்பீடு வாங்கும்போது சைக்கிள் பயணம் அதில் அடங்குமா என்று நிபந்தனைகளை வரிவரியாகப் படியுங்கள். சில காப்பீடுகள் இதைச் சாகச விளையாட்டு என்று ஒதுக்கிவிடும்.

தங்குமிடச் சான்று பற்றி: சும்மா பெயருக்கு முன்பதிவு செய்து விசா கிடைத்ததும் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுங்கள் என்று பல முகவர்கள் அறிவுரை சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். விமான நிலையக் குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் எதுவும் இராது. அதோடு, உண்மையாகவே இந்தப் பாதையில் போகப் போகிறவருக்குப் பொய் தேவையும் இல்லை. நாளுக்கு நாற்பது கிலோமீட்டர் என்ற குறைந்த அளவில் ஊர்களைக் குறித்துக்கொண்டு, ஒரு சில நாள் முன்பு வரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளை அந்த ஊர்களில் பதிவு செய்யுங்கள். அறுபது ஓட்டப் போவதாகக் காட்டிவிட்டு நாற்பதில் களைத்துப் போனால் முன்பதிவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும். நாற்பதைக் காட்டிவிட்டு ஐம்பது ஓட்டினால் ஒரு நாள் ஓய்வு கூடுதலாகக் கிடைக்கும். கூடார முகாம்களும் மின்னஞ்சலில் கேட்டால் உறுதிக்கடிதம் அனுப்புவது உண்டு. விண்ணப்பத்தோடு ஒரு பக்க அளவில் தேதி, ஊர், தூரம், தங்குமிடம் என்று பயணத் திட்டத்தை இணைத்து, சைக்கிள் பயணம் என்பதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

தேதியைப் பொறுத்தவரை, மே மாதத்தில் 1, 8 ஆகிய இரண்டும் அங்கே பொது விடுமுறை. உயிர்த்த ஞாயிறைப் பொறுத்து மாறும் விண்ணேற்பு விழாவும் பெந்தெகொஸ்தே திங்களும் பெரும்பாலும் மே மாதத்திலோ ஜூன் முதல் பகுதியிலோ வந்து விழும். அந்த நீண்ட வாரக்கடைசிகளில் ஆற்றங்கரை விடுதிகள் நிரம்பிவிடும். அவை கழிந்த பின் ஜூனில் தொடங்கினால் பகலும் நீளம். மாத நடுவில் இரவு பத்து மணியளவில்தான் பொழுது சாயும். ஆகஸ்ட் முழுவதும் அந்நாட்டவரே விடுமுறையில் இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

பதில் – முட்டத்துக்காரன்

அதிவேக ரயிலைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். சைக்கிளைப் பிரிக்காமல் ஏற்ற வேண்டுமானால் அதற்கென்று தனி இடம் முன்பதிவு செய்ய வேண்டும், அந்த இடம் எல்லா ரயில்களிலும் இல்லை. பிரித்துப் பையில் வைத்தால் பயணப்பொதியாக ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் அளவு வரம்பு உண்டு, விமானத்துக்குக் கட்டிய பெரிய அட்டைப்பெட்டி அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஆகவே கோட்டாறு அண்ணன் சொன்ன அட்டைப்பெட்டிக்குப் பதில், இரு சக்கரங்களையும் கழற்றி வைக்கும் துணிப்பை ஒன்றை வாங்கி, உள்ளே அட்டைகளை அண்டை கொடுத்து விமானத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள். மடித்தால் கேரியரில் கட்டிக்கொள்ளலாம். பாரிஸிலிருந்து ஊர் திரும்பும்போதும் அது வேண்டும், அட்டைப்பெட்டியை அங்கே போய்த் தேட வேண்டியிராது.

வழியில் ஷினோன், சேன் லோரான், தம்பியேர், பெல்வீல் என்று நான்கு அணுமின் நிலையங்கள் ஆற்றங்கரையில் வரும். அவற்றில் சிலவற்றின் குளிர்விக்கும் கோபுரங்களிலிருந்து நீராவி எழுவதைத் தொலைவிலேயே பார்க்கலாம். கூடங்குளத்துக்கு அருகே வாழும் நமக்கு அது புதிதல்ல. அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தீப்பிடித்துவிட்டதென்று பயந்துவிடப் போகிறார்.

முன்பதிவு செய்யும்போது ஒர்லேயானிலிருந்து கிளம்பும் நாள் ஞாயிறாகவோ திங்களாகவோ அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் இல்லாத பகுதியும் கடை இல்லாத நாளும் ஒன்றாகச் சேரக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டு, ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுல்லியில், அகழிக்குள் நிற்கும் கோட்டைக்கு எதிரே அன்றிரவு தங்கினால், மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பாகவே ழியேன் சேர்ந்துவிடலாம்.